ஒரு மயிரிழை இடம்

பொம்மை ராக்கெட்டின் வால் துடுப்பு ஓரத்தில் வழிந்த பசையைப் பல்செட்டுக்கு மெழுகு சீவும் கத்தியால் வழித்தபடியே, அந்த ராக்கெட் கிட்டைச் செய்தவனைத் திட்டிக்கொண்டிருப்பாள் வெர்லீன் லைக்கர். "வெட்டியிருக்கற லட்சணத்தைப் பாரு, கோணல்மாணலா. இவன் வீட்டுல ஒரு ஸ்கேல்கூடக் கிடையாது போல." கத்தியில் சேர்ந்த பசை ஏப்ரனுக்குப் போகும். அடுத்த துடுப்பு, அடுத்த வசவு. பெட்டியோடு வரும் விளக்கத் தாளை அவள் படிக்காமல் விடுவதில்லை. எழுதியவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. 'பசை முப்பது நிமிடம் காய வேண்டும்' என்று அச்சடித்திருந்தால், "உங்க ஊர்ல காயட்டும். கான்சஸ் காத்துக்குப் பத்து நிமிசம் போதும்" என்பாள். அதிலும் இரண்டு நிமிடத்தைக் குறைத்துக்கொள்வாள்.

முப்பத்து நான்கு வருடமாகப் பல்செட்டுச் செய்பவள். ஊரில் அறுபது தாண்டியவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கைவேலை. ஞாயிறு பூசையில் எல்லோரும் பாட எழுந்தால் அவள் கண் பாட்டுப் புத்தகத்தில் இருக்காது. எவர் வாயில் எது ஆடுகிறது என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதனாலேயே அவளுக்கு முன் வரிசையில் உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

வேலை முடிந்தால் கேரேஜ். அவள் கணவன் லாய்டின் பிக்கப் ஒன்பது வருடமாக வெளியே நின்று ஆலங்கட்டி மழை வாங்குகிறது. உள்ளே அதன் இடத்தில் அட்டைக் குழாய்களும் மூக்குக் கூம்புகளும் உப்புத்தாளும். லாய்டு ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். "பிக்கப் நனைஞ்சா காயும். பால்சா கட்டை நனைஞ்சா வளையும்" என்று பதில் வந்தது. அவன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

இப்போது மேசையில் இருப்பது மூன்று மோட்டார் ராக்கெட். ஒரே உடம்பில் மருந்து அடைத்த மூன்று மோட்டார், மூன்றும் ஒரே கணத்தில் பற்ற வேண்டும். மேல் கடைவாய்ப்பல்லுக்கும் மூன்று வேர் என்பதால் அதற்குக் 'கடைவாய்' என்று பெயர் வைத்துவிட்டாள். உடம்புக்கு ஈறு நிறம், கூம்புக்குப் பல் வெள்ளை. பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். அவளிடம் சொன்னவர் யாரும் இல்லை.

மூன்று மோட்டார்க் குழாய்களையும் கட்டாகப் பெரிய குழாய்க்குள் பசை தடவித் தள்ளும் இடத்தில்தான் அவளைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நொடி தயங்கினால் மஞ்சள் பசை கவ்விக்கொள்ளும். அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் வராது. ஊர் ராக்கெட் கிளப்பில் எல்லோர் வீட்டிலும் பாதியில் சிக்கிய ராக்கெட் ஒன்றாவது அலமாரி மேல் இருக்கிறது. வெர்லீன் வீட்டில் இல்லை. மூச்சைப் பிடித்து ஒரே தள்ளு, பென்சில் கோடு வந்ததும் நிறுத்து. கட்டுமானத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

பறப்பதுதான் பிரச்சினை. இதற்கு முன் இதே போல் மூன்று கிட் கட்டினாள். மூன்றிலும் ஏதாவதொரு மோட்டார் பற்றாமல் சதி செய்தது. முதலாவது பாதி உயரத்தில் சாய்ந்து, ஆல்வின் டிரைலிங்கின் பிக்கப்பில் இருந்த உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தில் மூக்குக் குத்தியது. இரண்டாவது பக்கத்து வயல் மாடுகளைக் கலைத்தது. மூன்றாவது ஏவுகம்பியை விட்டு இருபதடி எழும்பி, யோசித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. எரிந்து முடிந்த மோட்டாரின் உள்ளே எதுவும் மிஞ்சாது. ஒரு பக்கம் கண்ணை வைத்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு குழாய் இருட்டாக இருந்தது.

"பேட்டரி செத்துப் போச்சு" என்பாள்.

ராக்கெட்டைப் பற்றவைக்கும் பேட்டரி ஆல்வினுடையது. கிளப்பின் பாதுகாப்பு அதிகாரி அவன்தான். அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், அந்தப் பேட்டரியைக் கறவை மாடு போலப் பராமரிப்பவன். "என் பேட்டரியால டிராக்டரையே கிளப்பலாம் தாயே. உன் கையில என்ன கோளாறுன்னு பாரு" என்பான். பேச்சு சூடானால் அவனுடைய மேல் பல்செட்டு இறங்கி வந்து டக்கென்று தட்டும். அதுவும் வெர்லீன் செய்ததுதான். நாலு வருடமாக ஆடுகிறது என்று நாலு வருடமாகச் சொல்கிறான்.

"சோளக்கருதைக் கடிச்சா பல்லு கருதுலயே நிக்குதுடி."

"பல்லு நல்லாத்தான் இருக்கு. உன் ஈறு சுருங்கிப்போச்சு. வயசாகுதுல்ல."

வசந்தத்தில் மாதா கோயில் நிலவறையில் கிளப் கூடியது. சாலட்டின் சொந்தக்காரியான ஆல்வினின் மனைவி பேசிய பேச்சில் தீர்மானமாகிவிட்டது. வெர்லீனுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. மூன்றும் பற்றாவிட்டால், இந்தக் கிளப்பில் அவள் இனி ஒற்றை மோட்டார் மட்டும்தான் விடலாம். பத்து வயதுப் பிள்ளைகள் விடும் ராக்கெட். வெர்லீன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எழுதி வச்சுக்கங்க" என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கேரேஜ் பக்கம் போகவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. லாய்டுக்கு அது தெரிந்ததால், பிக்கப்பை உள்ளே விடலாமா என்று கேட்காமல் இருந்தான்.

ஜூலையில் கோதுமை அறுத்து முடித்த சனிக்கிழமை, கிளப் வயலில் கூடாரம் போட்டது. தெற்குக் காற்று மட்டுப்பட்டிருந்தது. மடக்கு நாற்காலிகள், கோசும் மாட்டிறைச்சியும் வைத்துச் சுட்ட பிராக் ரொட்டிகள், வேகவைத்த சோளக்கருது. சாலட்டை மட்டும் ஆல்வினின் மனைவி இந்த முறை காருக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

பறக்கும் எதுவும் முதலில் ஆல்வினின் மேசைக்கு வர வேண்டும். அவன் கடைவாயைக் கையில் வாங்கித் துடுப்புகளை ஆட்டினான். ஒன்றும் அசையவில்லை. கூம்பை இழுத்தான், சரியான இறுக்கம். பாராசூட்டின் மடிப்பைப் பார்த்து, "துணி மடிக்க உன்கிட்டதான் கத்துக்கணும்" என்றான். பிறகு கவிழ்த்துப் பின்பக்கத்தைப் பார்த்தான். ஒவ்வொரு மோட்டாரின் துளையிலும் பற்றவைக்கும் கம்பி ஒன்று நுழைந்திருந்தது. பட்டனை அழுத்தினால் கம்பியின் நுனி தீப்பிடித்து, உள்ளே இருக்கும் கருமருந்தைப் பற்றவைக்கும். ஆல்வின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"ஏன் வெர்லீன், கம்பி இவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு?"

"நீட்டலையே. கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்."

"எங்க?"

"நுனிக்கும் மருந்துக்கும் நடுவுல. ஒரு மயிரிழை."

"எதுக்கு?"

"எதுக்குன்னா கேக்கற? அழுத்தக் கூடாதுல்ல. அழுத்தினா வலி..."

அவள் வாய் அப்படியே நின்றது. ராக்கெட்டுக்கு ஈறு கிடையாது. பல்செட்டு ஈறை அழுத்தாதிருக்க விட்டுப் பழகிய அந்த மயிரிழையை, முப்பத்து நான்கு வருடமாக எதைச் செய்தாலும் கை தானாக விட்டிருக்கிறது. அவளுக்குத் தெரியாமலே விட்டிருக்கிறது. கம்பி எரிந்திருக்கும், பேட்டரி உழைத்திருக்கும், தீ மருந்தைத் தொட்டிருக்காது. சில சமயம் பொறி தாவியிருக்கும், சில சமயம் தாவியிருக்காது. மூன்று ராக்கெட். மாடுகள். சாலட்.

ஆல்வின் ஏதோ சொல்ல வாய் திறந்தான், பல்செட்டு டக்கென்று தட்டியது, மூடிக்கொண்டான். அவன் நாக்கு மேலண்ணத்தைத் தடவிப் பார்ப்பது வெளியே தெரிந்தது.

வெர்லீன் ராக்கெட்டைப் பிடுங்கினாள். கம்பிகளைப் பிடித்திருந்த அடைப்பான்களை எடுத்து, மூன்று கம்பிகளையும் நுனி முட்டும்வரை தள்ளினாள். முட்டிய பிறகும் இன்னொரு அழுத்து அழுத்தி, அடைப்பானைச் செருகினாள். அவள் முகம் யாருக்கோ வலிக்கிறாற்போல் சுருங்கியது.

ஒலிபெருக்கியில் ஆல்வினின் குரல். "மூணு மோட்டார் போகுது. எல்லாரும் எழுந்திருங்க, சாப்பாட்டைக் கையில எடுத்துக்கங்க. வெர்லீனோடது." நாற்காலிகள் காலியாயின. ஐந்து, நான்கு, மூன்று. பட்டன் வெர்லீனின் கட்டைவிரலுக்குக் கீழே. அவள் வானத்தைப் பார்க்கவில்லை, ஏவுகம்பியின் அடியையே பார்த்தாள். ஒன்று.

மூன்று தீ. அவள் எண்ணிவிட்டாள். கடைவாய் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக ஏறிப் போய், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் உயரத்தில் பாராசூட்டை விரித்தது. ஆல்வினின் மனைவிகூடக் கைதட்டினாள்.

அறுத்த கோதுமைத் தாளடி காலில் குத்த நடந்துபோய் ராக்கெட்டை எடுத்தாள். மோட்டார்களை ஒவ்வொன்றாக உருவிக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஒன்று, வெளிச்சம். இரண்டு, வெளிச்சம். மூன்றாவதை வெகுநேரம் வைத்திருந்தாள். அதன் வழியே கூடாரமும் மேசையும், மேசைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் ஆல்வினும் சின்னதாகத் தெரிந்தார்கள்.

அவள் மேசைக்கு வந்து சேர்ந்ததும் கேட்டான். "என்ன தாயே, என் பேட்டரி எப்படி?"

வெர்லீன் ராக்கெட்டை மேசையில் கிடத்தினாள். ஏப்ரன் பையிலிருந்து சலவைக் கைக்குட்டையை எடுத்து இடது உள்ளங்கையில் விரித்து, அவன் முகவாய்க்குக் கீழே நீட்டினாள்.

"பல்லைத் துப்பு" என்றாள்.