சாப்பாட்டு மணி

விதி ஏழு: “மௌன நாட்களில் சாப்பாட்டு மணியை அடிக்கும் பொறுப்பு, தியானத்துக்குத் தொடர்ந்து அதிக ஆண்டுகள் வந்தவருக்கே உரியது.” ஆம்பூருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்த தியான இல்லத்தில், சாப்பாட்டு அறைக் கதவின் பின்னால் ஒட்டியிருந்த விதி இது. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து போனவன் நான். மணி எனக்கு வரவில்லை.

போன ஞாயிறு அது மறுபடி நினைவுக்கு வந்தது. வேலூரில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில், பூசை முடிந்ததும் ஓர் இளம்பெண் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சை கொடுத்து, “கண்ண மூடிக்கிட்டு மெதுவா மெல்லுங்க. கடவுள் குடுத்ததுன்னு நெனச்சிக்கிட்டே மெல்லுங்க” என்றாள். அவள் சொல்லி முடிக்குமுன் என் திராட்சை வயிற்றுக்குள் போயிருந்தது. ஐந்து நிமிடம் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தேன். கடைசியில் அவள் கைபேசியில் மணி ஒலித்தது. எனக்கு வரவேண்டிய மணியை அடித்த யேசுதாசன் ஞாபகம் வந்தார். கூடவே பழைய எரிச்சலும்.

அந்த இல்லத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மூன்று நாள் பேச்சே கிடையாது. நாற்பது பேர் நீள மேசைகளில் உட்காருவோம். ஒரு மணி அடித்தால் சாப்பிடத் தொடங்க வேண்டும். மறு மணி அடிக்கும்வரை எழக் கூடாது. நடுவில் மெதுவாக மென்று, தட்டில் இருப்பதை நன்றியோடு உணர வேண்டும். நான் அப்போது தாலுகா அலுவலகத்தில் இருந்தேன். முப்பது முறை மெல்லச் சொன்னால் முப்பத்தொன்றாவது முறை மெல்லாதவன். ருசித்ததா என்று விதியில் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

யேசுதாசன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பு அரித்த விரல்கள். என் ஒன்பதாம் ஆண்டில் அவர் வந்தது இரண்டாவது தடவைதான். இல்லத்தை நடத்திய ஃபாதர் மணியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

மனிதர் ஓர் இட்லிக்குப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டார். கடிகாரத்தில் பார்த்தேன். விண்டு, மூக்கருகே கொண்டுபோய், கண்மூடி, பிறகுதான் வாய்க்குள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. அவர் முடித்து மறு மணி அடிக்கும்வரை காலித் தட்டுகளோடு அத்தனை பேரும் காத்திருந்தோம். மறுநாள் பார்த்தால் மற்றவர்களும் விண்டு முகர ஆரம்பித்திருந்தார்கள்! எனக்கு வயிறு எரிந்தது. மிளகாய்ச் சட்னி காரணமில்லை.

மூன்றாம் நாள் மாலை மௌனம் முடிந்ததும், தட்டு கழுவும் குழாயடியில் அவரைப் பிடித்தேன்.

“இன்னாப்பா, ஒரு இட்லிக்கு இவ்ளோ நேரமா?”

“இன்னா சார் செய்றது? ஷாப்புல டிபன் பாக்ஸத் தொறந்தா மொதல்ல தோல் நாத்தம்தான் வரும். மூச்சப் புடிச்சிக்கினு முழுங்கிடுவேன். இருவத்தாறு வருசம் அப்படித்தான். இங்க வந்துதான் இட்லிக்கு வாசன இருக்குதுன்னே தெரிஞ்சிச்சி. மூச்சு வுட்டுக்கினே துன்றேன் சார்!”

அப்போது இரக்கம் வந்தது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். வந்தது பொறாமை, முன்னைவிட ஜாஸ்தியாக. ஆம்பூரைக் கடக்கும் பத்து நிமிடமும் பேருந்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவன் நான். என் வீட்டுச் சாப்பாட்டில் வாசனைக்குக் குறைவில்லை. அலுவலகக் கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்றதால் ஒரு நாளும் முகர்ந்ததில்லை.

“சீனியாரிட்டிப்படி மணி எனக்கு வரவேண்டியது, தெரியுமா?” என்றேன்.

“அட, இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க? இந்தாங்க, நீங்களே வெச்சிக்குங்க. எனக்கு எதுக்கு சார் பேஜாரு?” சோப்பு நுரை சொட்டும் கையால் மணியை நீட்டினார்.

“உத்தரவு இல்லாம எப்படிப்பா வாங்கறது?”

வாங்கவில்லை. ஊர் திரும்பியதும் ஃபாதருக்கு மனு எழுதினேன். பொருள்: மணி. பார்வை: விதி ஏழு. இணைப்பு: யேசுதாசன் ஒவ்வொரு வேளையும் எடுத்துக்கொண்ட நேரத்தின் பட்டியல். அடுத்தவர் தட்டைப் பார்க்கக் கூடாது என்று விதி நான்கு சொல்வது, தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. மூன்று நாளும் நான் தியானித்தது அவர் தட்டை மட்டும்தான்.

பதில் இல்லை. ஆண்டுக்கொரு நினைவூட்டல் அனுப்பினேன். ஒவ்வொரு தவக்காலத்திலும் குழாயடியில் யேசுதாசன், “ஆர்டர் வந்துச்சா சார்?” என்று சிரித்தபடி மணியை நீட்டுவார். ஒவ்வொரு தடவையும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். ஃபாதர் மாற்றலாகிப் போனார். ஒரு தவக்காலத்தில் யேசுதாசன் வரவில்லை. மூச்சுக் கோளாறு என்றார்கள். அடுத்த தவக்காலத்துக்குள் அவரும் இல்லை, இல்லமும் இல்லை. இப்போது அந்தச் சாப்பாட்டு அறையில் ஷூ அட்டைப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருக்கின்றன. மணி எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

கட்டடத்தை ஷூ கம்பெனியிடம் ஒப்படைக்குமுன் நிலுவைக் கோப்புகளை முடித்த யாரோ ஒரு நல்லவர் என் மனுவையும் விட்டுவைக்கவில்லை. ‘பரிசீலித்து ஏற்கப்பட்டது. அடுத்த தியானம் முதல் மணி தங்களுக்கு.’ இறந்தவர்கள் பெயருக்குப் பட்டா மாறுதல் அனுப்பியவன் நானும்தான். குறை சொல்ல வழியில்லை. பெரிய வியாழன் பூசையோடு நிறுத்திய மணியை ஈஸ்டர் உயிர்ப்புப் பூசை வரை எந்தக் கோயிலிலும் அடிக்கக் கூடாது என்பது திருச்சபை விதி. கடிதம் என் கைக்கு வந்தது இரண்டுக்கும் நடுவில், பெரிய சனிக்கிழமை.