சிவப்புக் காரா, வெள்ளைக் காரா

மோட்டார் ரேஸ் படம் ஒன்றைக் கடைசிச் சுற்று வரைக்கும் பார்த்துவிட்டு, ஜெயித்தது யார் என்று தெரியாமல் எழுந்து வந்தவனுடைய எரிச்சல் எத்தனை வருஷம் தாங்கும் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டலாம். இப்போது நான் மீசை வைத்திருக்கிறேன், மாதச் சம்பளம் வாங்குகிறேன், கந்தோரில் என்னை 'சேர்' என்று கூப்பிடுகிற ஒரு ஆள்கூட உண்டு. ஆனாலும் ரோட்டில் ஒரு சிவப்புக் கார் ஒரு வெள்ளைக் காரை முந்தினால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் நான். ஹந்தானை மலையிலிருந்து இறங்கிக் கண்டி டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே என் வகுப்பு அந்தத் தவணையில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது, சிவப்புக் கார் கட்சி, வெள்ளைக் கார் கட்சி என்று. டவுன் தியேட்டரில் ஓர் ஆங்கில ரேஸ் படம் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். படம் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கு முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வகுப்புச் சட்டம். யாராவது "நானும் பார்த்தேன்" என்று வந்தால் கேட்பது ஒரே கேள்வி: "யாரு ஜெயிச்சது?" பதில் தெரிந்தால் ஆள் சேர்த்தி. தெரியாவிட்டால் அன்று முழுக்க அவனுக்குப் பின்னால் நின்று கார் மாதிரி உறுமுவார்கள்.

தோட்டத்துச் சனம் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துச் சட்டம் இதற்கு நேர் எதிர். டவுனுக்குப் போய்ப் படம் பார்த்து வந்தவர், பார்க்காதவர்களுக்குக் கதையை முழுக்கச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் படுத்துக்கொள்வது பெரிய குற்றம். தோட்டத்துச் சனம் மொத்தமும் டவுனுக்குப் போய்ப் படம் பார்க்க முடியுமா? ஒரு ஆள் பார்த்தால் லயமே பார்த்த மாதிரி. அதிலும் என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், கதை சொல்கிறார் என்றால் பக்கத்து லயத்திலிருந்துகூடச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மாமா அப்போது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தார். நான் பிறந்த புதிதில் தோட்டத்துக் கொழுந்து லொறியை ஓட்டியவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று நான் கேட்டதில்லை. அவரிடம் எரிச்சலூட்டும் பழக்கம் ஒன்று இருந்தது. டவுனிலிருந்து பஸ்ஸில் வந்தால், மலை ரோட்டின் மேல் வளைவு வருவதற்கு முன்பே மணியடித்து இறங்கிவிடுவார். கூட வருகிற என்னையும் இறக்கி, குறுக்குப் பாதையில் தேயிலைக்கு நடுவே மூச்சு வாங்க ஏற்றுவார். நாங்கள் வேர்த்து விறுவிறுத்து லயத்துக்கு வரும்போது, பஸ்ஸிலேயே வந்தவர்கள் கால் கழுவித் தேத்தண்ணி குடித்திருப்பார்கள்.

முதல் தவணைப் பரீட்சையில் நான் கணக்கில் முதலாவதாக வந்தேன். மாமா என் ரிப்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன வேணும் மருமவனே? வாயத் தொறந்து கேளு" என்றார்.

"ரேஸ் படம்."

மாமா பிடரியைச் சொறிந்தார். "சாமி படம் ஒண்ணும் ஓடுதாம்ல? பாம்பெல்லாம் வருதாம்."

"ரேஸ் படம்."

"காருல என்னடா இருக்கு? நாலு சக்கரம், ஒரு வளையம்."

"நீங்கதான கேளுன்னீங்க?"

மாமா அரை மனதோடு தலையாட்டினார். எனக்கோ ஆச்சரியம். லொறி ஓட்டிய மனிதர், ரேஸ் படத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் ஹந்தானையிலேயே கிடையாது என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மெட்னி ஆட்டத்துக்கு மாமா, அம்மா, நான் மூவரும் போனோம். அப்பா வரவில்லை. அவருக்குத் தியேட்டரில் இருட்டினால் தூக்கம் வந்துவிடும். அதை வீட்டிலேயே செய்யலாம் என்றார்.

விளக்கை அணைத்ததும் என் கஷ்டகாலம் ஆரம்பித்தது. நான் டவுனில் இங்கிலீசு படிக்கிறேன் என்பதால், படத்தில் பேசுகிற அத்தனையும் எனக்குப் புரியும் என்று அம்மா முடிவு செய்திருந்தார். என் இங்கிலீசு அப்போது 'மை நேம் இஸ்'ஸையும் மழை நாளைப் பற்றிய ஒரு பாட்டையும் தாண்டியிருக்கவில்லை.

"இப்ப என்ன சொல்றான்?"

"கார் நல்லா ஓடுதுன்னு சொல்றான்."

"அதுக்கா அந்தப் புள்ள அழுவுது?"

"தெரியலம்மா."

"அவ யாரு? பொண்டாட்டியா, கட்டிக்கப் போறவளா?"

"ம்."

"'ம்'னா எதுடா?"

நான் அம்மா பக்கம் திரும்புகிற போதெல்லாம் திரையில் யாரோ யாரையோ முந்தினார்கள். திரைப் பக்கம் திரும்பும்போது முந்தி முடிந்திருந்தது. இப்படி நான்கு தடவையாவது முந்தலைத் தவறவிட்டேன். முந்தப்பட்டவர்களின் முகங்களைத்தான் பார்த்தேன்.

வலது பக்கத்தில் மாமா. அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆனால் கார்கள் ஓடத் தொடங்கியதிலிருந்து அவரது வலது கால் ஓடியது. வளைவு வருகிறதென்றால் அந்தக் கால் முன்னால் இருந்த கதிரையை ஓங்கி மிதிக்கும். நேர் ரோட்டில் தளரும். மறுபடி வளைவு, மறுபடி மிதி. அந்தப் படத்தில் வளைவுக்குப் பஞ்சமே இல்லை. முன்னால் தொப்பி போட்ட முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். மூன்று வளைவு பொறுத்தார். நாலாவதில் கடலை கீழே கொட்டியது. திரும்பினார்.

"அண்ணே, காரு அங்க ஓடுது. என்ட கதிரைக்கு பிரேக் இல்ல."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கதிரைக்குள் புதைந்தேன். என் வகுப்புப் பையன்கள் யாராவது பின்னால் இருந்து பார்த்தால் என்ன ஆவது? "மன்னிச்சுக்குங்க மொதலாளி" என்று சொல்லி மாமா காலை மடக்கிக் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அது கீழேயிருந்து தரையை மிதிக்க ஆரம்பித்தது.

இடைவேளையில் அம்மாவிடம் கெஞ்சினேன். "இனிமே ஒண்ணும் கேக்காதீங்கம்மா. கடைசிப் போட்டி வரும். அத மட்டும் பாக்க விடுங்க." அம்மா பெரிய மனதோடு தலையாட்டினார். மரவள்ளிப் பொரியல் வாங்கி வாய் நிறைய வைத்துக்கொண்டதால் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

கடைசிப் போட்டி வந்தது. நான் கதிரை நுனிக்கு நகர்ந்தேன். எத்தனை சத்தம்! தியேட்டர் சுவர் அதிர்ந்தது. எல்லாக் கார்களும் ஒவ்வொன்றாகப் பின்தங்கிக் கடைசியில் சிவப்பும் வெள்ளையும் மட்டும் முன்னால் ஓடின. ஒரு கொடிக்காரன் கையை ஆட்டினான். கடைசிச் சுற்று. மலையோரமாக ஒரு வளைவு. சிவப்பின் பின்சக்கரம் ஓரத்து மண்ணில் இறங்கியது, கார் ஒரு பக்கமாகத் தூக்கியது, பிறகு சத்தமே இல்லாமல் ஒரு தடவை புரண்டது. இரண்டாவது தடவை புரள்வதற்குள் யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினார்கள்.

"எந்திரி. பஸ் போயிரும்."

"மாமா, இன்னும் கொஞ்சம் நேரம்..."

"பஸ் போயிரும்னு சொல்றேன்ல."

"வெள்ளக் காரு நிக்குதா போகுதான்னு மட்டும் பாத்துட்டு..."

அவர் என்னைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே நடந்தார். அம்மா தடுப்பார் என்று பார்த்தேன். அத்தனை கேள்வி கேட்ட அம்மா, ஒரு கேள்வியும் கேட்காமல் பொரியல் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கதவுத் திரையைத் தள்ளும்போது உள்ளே எல்லோரும் 'ஓ'வென்று கத்தினார்கள். அந்த 'ஓ' யாருக்கு?

குட்செட் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் எங்கள் பஸ்ஸின் நிழலைக்கூடக் காணோம். அது வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார் அங்கே கடலை விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு மணி நேரம்! அதற்குள் ஒரு காரென்ன, பத்துக் கார் ஜெயித்திருக்கும். மாமா எனக்கு ஒரு பனிஸ் வாங்கித் தந்தார். நான் தொடவில்லை. அவர் பிளேன்டீ வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளாஸ் அவர் கையில் கிடுகிடுவென்று ஆடி, பாதித் தேத்தண்ணி சாரத்தில் கொட்டியது. ஒரு கிளாஸைக்கூடப் பிடிக்கத் தெரியாத மனிதரோடு படத்துக்கு வந்தேனே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போதாக்குறைக்கு, திரும்பும்போது வழக்கம்போல மேல் வளைவுக்கு முன்னால் இறக்கிக் குறுக்குப் பாதையில் ஏற்றினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பகலிலேயே கதை கேட்க ஆள் கூடிவிட்டது. மாமா வாசலில் குந்தினார். தேங்காய் துருவுகிற கட்டை கியர் ஆனது. சுளகு ஸ்டியரிங் வளையம் ஆனது. சொல்லக் கூடாது, கதை நன்றாகத்தான் இருந்தது. வாயாலேயே இரண்டு காருக்கும் இரண்டு விதமான சத்தம் போட்டார். ஆனால் படத்தில் இல்லாததெல்லாம் வந்தது. சிவப்புக் காரனும் வெள்ளைக் காரனும் அண்ணன் தம்பிகளாம். சின்ன வயதில் திருவிழாவில் பிரிந்தவர்களாம். அழுத பெண் அவர்களுக்குத் தங்கச்சியாம்.

"அப்பிடியெல்லாம் இல்ல" என்றேன்.

"ஒனக்கு இங்கிலீசு அவ்வளவு பத்தாது மருமவனே" என்றார் மாமா. லயமே சிரித்தது.

எங்கள் பக்கத்துக் காம்பிராவில் ஒரு சின்னம்மா இருந்தார். சொந்தச் சின்னம்மா இல்லை, முறைக்குக் கூப்பிடுவது. தனியாக ஒரு மகளை வளர்த்தார். அவருக்கும் மாமாவுக்கும் பேச்சில்லை. கைக்கெட்டும் தூரத்தில் மாமா நின்றாலும், "ஒங்க மாமாவை அந்தக் கோழிய வெரட்டச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்வார். மாமா மறுபேச்சில்லாமல் கோழியை விரட்டுவார். கோழியால் வந்த சண்டை என்று நான் எண்ணியிருந்தேன். அந்தச் சின்னம்மா வீட்டு விறகை மாமாதான் பிளந்து அடுக்குவார். சண்டைக்காரர் எதற்கு விறகு பிளக்கிறார் என்று யோசிக்கும் வயதில்லை. அன்றைக்கும் சின்னம்மா கூட்டத்தோடு சேராமல், தன் காம்பிரா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

கதை கடைசிச் சுற்றுக்கு வந்தது. மாமாவின் சத்தம் இறங்கியது. கியர்க் கட்டையைக் கீழே வைத்தார். "சிவப்புக் காரு மண்ணுல எறங்கிச்சு. எறங்கி, அப்பிடியே நின்னுருச்சு."

என்னால் தாங்க முடியவில்லை. "நிக்கல! பொரண்டுச்சு! நான் பாத்தேன்!"

அம்மா என் தொடையைத் திருகினார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வாசலில் சுளகின் சத்தம் நின்றது. மாமா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பொரளல. நின்னுச்சு. ஆளு எறங்கி, சட்டையத் தட்டிக்கிட்டு நடந்து வந்தான்."

அப்போது சின்னம்மா எழுந்தார். என்னையோ சுவரையோ பார்க்காமல், நேராக மாமாவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலையாண்ணே?"

"ஒண்ணும் ஆகல, தங்கச்சி."

"வீட்டுக்கு வந்து சேந்துட்டானா?"

"வந்து சேந்துட்டான்."

சின்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி இருந்தது. அதை மாமாவிடம் கொடுத்தார். எல்லோரும் எழுந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் விடவில்லை.

"அப்ப யாரு மாமா ஜெயிச்சது?"

"எல்லாருந்தான் வந்து சேந்துட்டாங்களே. போ, போய்ப் படி."

திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. "வெள்ளைக் கார்" என்றேன், உறுமினார்கள். "சிவப்பு" என்று மாற்றினேன், இன்னும் பலமாக உறுமினார்கள். எது சரி என்று கடைசி வரை ஒருவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள் என்று மாமாவின் முடிவைச் சொன்னபோது, "நீ எந்தத் தியேட்டர்ல பாத்த?" என்று கேட்டான் ஒருவன். அது நியாயமான கேள்விதான்.

நான் உயர்தரம் படிக்கும் காலத்தில் ஒரு நாள் அம்மாவும் நானும் மட்டும் பஸ்ஸில் வந்தோம். மேல் வளைவைத் தாண்டும்போது அம்மா பள்ளத்துப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இங்கே கோயில் ஒன்றுமில்லையே என்றேன். அப்போதுதான் சொன்னார். மழைநாளாம். கொழுந்து லொறிக்கு பிரேக் பிடிக்கவில்லையாம். மாமா வளையத்தோடு மல்லுக்கட்டி ஓரத்து மண்ணில் இறக்கி நிறுத்தப் பார்த்தாராம். அது நிற்கவில்லை, புரண்டது. மாமா கையில் கீறலோடு எழுந்து நடந்து வந்தார். மேலே கொழுந்துச் சாக்குகளின்மேல் உட்கார்ந்திருந்தவர் சின்னம்மாவின் புருஷன். மாமாமேல் தப்பில்லை என்று விசாரணையில் தீர்ந்ததாம். மாமா லொறிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர், அதன்பிறகு ஒரு வாகனத்தின் முன்சீட்டிலும் ஏறியதில்லை.

அப்படிப்பட்டவரைத்தான் நான் ரேஸ் படத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லி அடம்பிடித்தேன். அவரும் வந்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தொடை எரிய எரிய வாசலில் உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார் மாமா. எனக்குப் பட்டதெல்லாம் ஒன்றுதான்: இவ்வளவு பெரிய பந்தயக் கதையைக் கேட்டுவிட்டு, இந்த லயத்தில் ஒரு ஆளுக்காவது சரியான கேள்வி கேட்கத் தெரியவில்லையே.