முடிவைச் சொல்லக் கூடாது

அடையாறில் ஒரு பூங்காவில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் கூடி, அவரவர் வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். முடிவை மட்டும் சொல்லக் கூடாது என்பது விதி. பேசக் கூசும் எனக்கு அது வசதியாகவே இருந்தது.

அன்று, கடலில் தனியே படகோட்டிச் சென்ற ஒரு பெண்ணின் கதையை நான் வாசித்திருந்தவரை சொன்னேன். கூட்டம் கலைந்ததும், எப்போதும் கேட்பதற்கென்றே வரும் ஷமீமா ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ கரை சேர்ந்தாளா, இல்லியா? எங்க அக்கா படுத்த படுக்கையா கீறாங்க. இங்க கேட்டதெல்லாம் போய்ச் சொல்வேன். 'அடுத்த ஞாயிறு இருப்பனோ இல்லியோ, முடிவக் கேட்டுனு வாடி'ன்னு ஒவ்வொரு வாட்டியும் திட்றாங்கம்மா."

"கடைசி அத்தியாயத்த நானே இன்னும் படிக்கல ஆன்ட்டி."

"அப்ப இப்பவே படியேன்!" அக்காவைக் கைப்பேசியில் அழைத்து, அதுவரையான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கைப்பேசியை என் மடியில் வைத்தார்.

தூங்குமூஞ்சி மரங்கள் இலைகளை மூடிக்கொண்டிருந்தன. கடைசி அத்தியாயத்தை உரக்க வாசித்தேன். மறுமுனையில் மூச்சொலி மட்டும் கேட்டது. அதன் ஏற்ற இறக்கத்திலேயே படகு மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

"சேர்ந்துட்டாளா!" என்றது தளர்ந்த குரல். "இன்னிக்குத் தூங்கிடுவேன்."

ஒரு கதைக்கு முடிவு முக்கியமன்று என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி எழுத எனக்குக் கை வருவதில்லை.