அர்த்தம் பார்க்காத டிக்டேஷன்

இன்று தையல்காரர் மிஷினுக்கு எண்ணெய் விட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு அவர் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. திண்டிவனத்தில் அப்பா நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் வாசனை அது. பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன்: தகரக் கூரைக்குக் கீழே ஓயாத தடதடப்பு, வரி முடியும்போதெல்லாம் மணி, ரிப்பன் மையின் நெடி, நடுவே சுருக்கெழுத்து வகுப்புக்காக ஒரு கிழிந்த புத்தகத்திலிருந்து அமெரிக்கப் பிரசங்கங்களையும் தீர்ப்புகளையும் மூச்சுவிடாமல் வாசிக்கும் அப்பாவின் குரல். "அர்த்தம் பாக்காதீங்க, சத்தத்தை எழுதுங்க" என்பார். அவரும் பார்த்ததில்லை.

மூலையில் தண்ணீர்ப் பானை, அதன்மேல் எவர்சில்வர் தம்ளர். காலனியிலிருந்து வருகிறவர்களுக்கென்று ஜன்னல் கட்டையில் தனியாக ஓர் அலுமினியத் தம்ளர்.

காலனியிலிருந்து வரும் செல்வி அக்கா ஒருநாள், எழுதியதைத் திரும்ப வாசிக்கும்போது பாதியில் நின்றாள்.

"சார், கருப்புப் பசங்களும் வெள்ளைப் பசங்களும் ஒரே ஸ்கூல்ல படிக்கணும்னு தீர்ப்பு சொல்லியிருக்காங்களா?"

"அது அமெரிக்காவுலம்மா. நீ யோசிச்சிக்கினு இருந்தா ஸ்பீடு எப்படி வரும்?"

அக்கா பென்சிலை வைத்தாள். எழுந்து போய், எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் மொண்டு, நிதானமாகக் குடித்தாள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. வெயிலில் கூரைத் தகரம் படபடவென்று வெடிக்கும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மறுநாள் அப்பா விழுப்புரம் போய் வேறு டிக்டேஷன் புத்தகம் வாங்கிவந்தார். அலுமினியத் தம்ளர் ஜன்னல் கட்டையிலேயே இருந்தது.