ஹமீதா ஓரத்தில் எழுதியது

குற்றாலத்தில் புதிய கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தபோது ஹமீதாவின் மகள் அழைத்தாள். "அம்மா காலைல மவுத்தாயிட்டாங்க மேடம்." அடக்கத்துக்கு மட்டும்தான் போய்ச் சேர முடிந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

கணவனால் மனைவி படும் துன்பத்தை அளக்க எங்களிடம் ஒரு வினாத்தாள் இருந்தது. அடித்தாரா, தள்ளினாரா, கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை முறை என்று கேட்கும். குறித்த மதிப்பெண்ணைத் தாண்டியவர்களை மட்டுமே, அவர்கள் சம்மதித்தால், ஆலோசகரிடம் அனுப்புவோம். அதைத் தயாரித்தவர்களில் நானும் ஒருத்தி. தென்காசித் தெருக்களில் வீடுவீடாக அதைக் கொண்டுபோனவர் ஹமீதா.

பேட்டியின்போது யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்பது விதி. ஒரு வீட்டில் மாமியார் வந்து நின்று, "ஏட்டி, இவ என்னத்த எழுதுதா?" என்று மருமகளைக் கேட்டார். ஹமீதா நிமிராமலே, "கொசு எப்பம் கடிக்குதுன்னு எழுதுதேன் ஆச்சி. உங்கள எப்பம் கடிக்கும்?" என்றார். ஆச்சி உட்கார்ந்து அரை மணி நேரம் கொசுவையும் நகராட்சியையும் திட்டித் தீர்த்தார்.

ஹமீதா செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கேள்விகளைத் தன் போக்கில் மாற்றிக் கேட்பார். அதனால் சில தாள்களைப் பயன்படுத்த முடியாமல் போனது. கோபித்திருக்கிறேன்.

அப்படித்தான் ஒரு பெண்ணின் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கணவர் வளைகுடாவில், ஊருக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. எல்லாக் கேள்விக்கும் 'இல்லை'. மதிப்பெண் பூச்சியம். ஆனால் ஓரம் முழுக்க ஹமீதாவின் கையெழுத்து: 'பேட்டிக்கு நடுவில் நாலு தடவை கணவரின் வீடியோ கால். ஒவ்வொரு தடவையும் அடுக்களை, வாசல், கட்டிலுக்கு அடி எல்லாம் காட்டச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.'

"ஓரத்துல எழுதுறத எண்ண முடியாது ஹமீதா."

"எண்ண வேண்டாம் மேடம், படிங்க. அடுத்த மாசம் லீவுல வாராராம். 'வந்து பேசிக்கிடுதேன்'னு அவரு சொன்னதுல இருந்து அந்தப் பிள்ளை பயந்துபோய் நாள எண்ணிக்கிட்டு இருக்கு."

பூச்சியம் வாங்கியவரை அனுப்ப விதி இல்லை என்றேன்.

"விதிய நீங்க பாத்துக்கிடுங்க. நான் அங்கன போயிட்டு வாரேன்."

போனார். அந்தப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு, ஆலோசகரையும் அழைத்துப் போனார். கணவர் விமானம் இறங்குவதற்கு முந்தைய வாரமே அவள் ஆலங்குளத்தில் தாய்வீட்டில் இருந்தாள். அவர் பேச நினைத்ததை அங்கே நாலு பேர் முன்னால்தான் பேச வேண்டியிருந்தது.

அந்தத் தாளை நான் திருத்தவில்லை. எங்கள் அட்டவணையில் அவள் இன்றும் எந்தத் துன்பமும் இல்லாத மனைவி.

பேட்டியை முடிக்கும்போதெல்லாம் ஹமீதா, "நான் கேக்காம விட்டது ஏதும் இருக்காம்மா?" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி. புதிய வினாத்தாளின் கடைசியில் அதைச் சேர்த்திருக்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது. கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.