மூன்று மணி மிச்சம்

இப்போதெல்லாம் திருத்தலத்துக்கு வருகிறவன் மாதாவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறான். செல்போனில் படம் பிடிக்க வேண்டுமாம். அதனால்தான் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அங்கே நடந்ததில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. முப்பது வருஷம் லாரிக்கு அடியில் படுத்து, சத்தம் கேட்டே பழுது கண்டுபிடித்தவன் நான். என் காது பொய் சொல்லாது.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவை அடக்கம் செய்த அன்று நான் விட்ட ஒரு வார்த்தையால் பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. காலையில் அண்ணி ஃபோன் செய்தார்.

“இப்ப நேர்ல வராதீங்க தம்பி. உங்களைப் பாத்தா படபடன்னு வரும், நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. கோயிலுக்குப் போய் பத்து மணியாவது சொல்லுங்க.”

“பத்து மணி தாண்டிடுச்சே அண்ணி.”

“ஐயோ, ஜெபமாலை மணி! இந்த நேரத்துலயும் குதர்க்கமா?”

அண்ணன் பிழைக்கட்டும், ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

கோயிலைக் கூட்டுகிறவர் வாசலில் நின்றார். “படம் எடுக்கலையா பெரியவரே?”

“இந்த மூஞ்சியவா? மாதா எறங்கி ஓடிடும்.”

சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனார். உள்ளே நான் ஒருவன்தான். மணி 12.20. முழங்கால் கெஞ்சியது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மணிக்கு ஒரு ஜெபம். முதல் மணியை முழுதாக நானே சொன்னேன். அதற்குள் அலுத்துவிட்டது. இரண்டாவதில் முன்பாதியைச் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினேன்...

பின்பாதியை யாரோ சொன்னார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து. கரகரத்த ஆண் குரல். வீட்டு ஜெபத்தில் ஒருவர் முன்பாதி, மற்றவர் பின்பாதி சொல்வது வழக்கம்தான். யாரோ துணைக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மூன்று. நான்கு. ஒவ்வொரு மணிக்கும் குரல் நெருங்கியது. காலடிச் சத்தம் இல்லை.

ஏழாவது மணி. குரல் என் பிடரிக்குப் பின்னால்.

“...இப்பொழுதும் எங்கள் மத்தியான நேரத்திலும்...”

‘மரண நேரத்திலும்’ என்பதுதான் ஜெபம். சின்ன வயதில் அதைத் தப்பாகச் சொல்லிச் சொல்லி அம்மாவிடம் குட்டு வாங்கியவர் ஒருவர்தான்.

அண்ணன்.

பெஞ்ச் கிறீச்சிட்டது.

திரும்பினேன்.

யாருமில்லை...

எழுந்து வெளியே வந்துவிட்டேன். மணி 12.24.

வீடு வந்து சேரும்போது ஃபோன் அடித்தது. அண்ணி அழுதுகொண்டிருந்தார். அண்ணன் போய்விட்டார்.

“பேச்சு மூச்சில்லாமக் கிடந்தவரு, பன்னெண்டே காலுக்கு மேல வாயசைச்சு ஜெபம் சொன்னாரு தம்பி. திடீர்னு நிறுத்திட்டு, ‘சின்னவன் பாதியில எழுந்து போறான் பாரு’ன்னாரு. அதோட சரி. பன்னெண்டு இருபத்துநாலு.”

மருந்து மயக்கம். வேறென்ன?

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த வாசல் வரை போனேன். இன்னும் மூன்று மணி மிச்சம் இருக்கிறது. முன்பாதியை நான் சொல்லிவிடலாம். பின்பாதி...?

திரும்பி நடந்தேன். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது.