பத்தியம் சொல்லாத வைத்தியர்

யுத்த காலம், பஸ்களெல்லாம் கரி வாயுவில் இருமிக்கொண்டே ஓடிய வருஷம். ஒரு மாசி மாதத்து மத்தியானம் மோகனூரில் நடந்தது இது.

அப்போதெல்லாம் எனக்குச் சாப்பிட்டவுடன் வயிறு உப்பும், நெஞ்சு படபடக்கும், உடனே மனம் உயில் எழுதத் தொடங்கிவிடும். வைத்தியப் புத்தகங்கள் படிக்கும் பழக்கம் வேறு உண்டாகையால், வியாதிகளுக்கு நல்ல நல்ல பெயர்களாக வைத்திருந்தேன்.

விவசாயம் பார்க்கும் என் மைத்துனர்தான், மனைவியின் தம்பி, மோகனூர் நாடி வைத்தியரிடம் கூட்டிப்போனார். மருதம்பட்டை, வல்லாரை, இஞ்சி எல்லாம் சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் அவர் செய்யும் லேகியம், நெஞ்சு, புத்தி, வயிறு மூன்றையும் ஒருசேர நேராக்கும் என்று பேச்சு. மூன்று இலாகாவுக்கும் ஒரே மந்திரி.

கொட்டகையில் ஓர் ஆள் கொதிக்கும் லேகியத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் போனவர்களை வைத்தியர், புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று அதட்டி, மருந்து கொடுத்து அனுப்பினார். பக்கத்திலிருந்த அம்மாள் தன் வயிற்றைப் பற்றியும் நான் என் வயிற்றைப் பற்றியும் பேசிப் பேசி, கிட்டத்தட்ட உறவாகிவிட்டிருந்தோம்.

என் முறை வந்தது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். ஈர மணல்போல் சில்லென்றிருந்தன. அவை அழுந்திய இடத்தில் ஏதோ அடிப்பதும், நிற்பதும், மறந்துபோய் நினைத்துக்கொண்டாற்போல் மறுபடி அடிப்பதும் எனக்கே தெரிந்தது. வெகு நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, என்னைப் பிரியமாகப் பார்த்தார்.

"பத்தியம் ஒண்ணும் வேண்டாஞ் சாமி. ஆசைப்பட்டதைச் சாப்பிடுங்க."

மருந்தும் வேண்டாமாம். எனக்கு ஒரே சந்தோஷம். அந்த அம்மாளிடம் சொல்லத் திரும்பினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டம் சத்தமில்லாமல் விலகி எனக்கு வழிவிட்டது.

பஸ்ஸில் மைத்துனர் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தார். வாழைப்பழம் வாங்கித் தந்தார். என்னோடு வழக்காடாமல் ஒரு மைல்கூட வந்து பழகாத மனிதர். நாமக்கல் மலை கண்ணில் பட்ட பிறகுதான் வாய் திறந்தார்.

"அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா மச்சான், நான் சொல்லட்டுங்களா?"

எதை என்று கேட்டேன்.

"அவரு பத்தியம் சொல்லாம உட்டவங்க யாரும் அடுத்த அமாவாசையப் பாத்ததில்லைங்க."

வீட்டில், கேட்காமலே கத்தரிக்காய் இலைக்கு வந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து நான் விழுங்குவதையே பார்த்தாள். ஒரு கவளமும் இறங்கவில்லை. பகலெல்லாம் என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு கிடந்தேன். நாடி ஒழுங்காகத்தான் அடித்தது. அந்த ஒழுங்குதான் அதிகமாகப் பயமுறுத்தியது.

அமாவாசைக்கு முன்பே மைத்துனர் வந்தார். வாசலில் நின்றபடியே, வைத்தியர் இறந்துபோய்விட்டார் என்றார். லேகியம் கிளறுகிற ஆள் சொன்னானாம்: அன்றைக்கு எனக்குப் பின்னால் வந்த எல்லோருக்குமே, அந்த அம்மாளுக்கும்கூட, பத்தியம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார். யார் கையைத் தொட்டாலும் அதே நாடி. கடைசியில் திகைத்துப்போய்த் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்தாராம். அப்புறம் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டாராம்.

அந்த விரல் நுனிகளில் நின்று நின்று அடித்தது என் உயிர் அல்ல.

என் வயிறு இன்றும் உப்பத்தான் செய்கிறது. ஆனால் எந்த வைத்தியராவது புளியைத் தொடாதே என்று அதட்டினால், ஆயுளை எழுதிக் கையில் கொடுத்தது போலிருக்கிறது. எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று யாராவது அன்பாகச் சொன்னால் மட்டும், மணிக்கட்டில் மூன்று இடங்களில் சில்லென்று ஆகிறது.